‘ஞா’ வராத கை

அன்புள்ள சார்,

போன மாதம் என் மடிக்கணினி திடீரென்று உயிரை விட்டது. ரிப்பேராகி வர 11 நாள் ஆயிற்று. எழுதிக்கொண்டிருந்த கதை அதற்குள் மாட்டிக்கொண்டது, வேறெங்கும் நகல் இல்லை. என் மணம் உடைந்துவிட்டது. சரி, கையால் எழுதுவோம் என்று நோட்டை எடுத்தேன். இரண்டு பக்கத்திலேயே கை கடுத்தது. எழுத்து எனக்கே சகிக்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். மனைவியின் செல்பேசி எண்கூட மனப்பாடமாக இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இயந்திரத்துக்கு இவ்வளவு அடிமையாகிவிட்டோமா? விடுபட வழி உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

கடிதத்தில் ஒரு பிழையை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டிருக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடிமை, விடுதலை எல்லாம் பெரிய சொற்கள். ரிப்பேருக்குப் போன கணினிக்கு அவை தேவையில்லை. மனைவியின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், முடிந்தது. மாதக்கணக்கில் எழுதிய கதைக்கு ஒரு நகல்கூட இல்லாதது சுத்த அலட்சியம். அதற்குப் போய்த் தத்துவம் தேடாதீர்கள்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான். ஏன் கிழித்தீர்கள்?

சில மாதங்களுக்கு முன், துக்கத்தில் இருந்த நண்பர் ஒருவருக்குக் கைப்பட நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். ‘ஞாபகம்’ என்ற சொல் வந்தது. ‘ஞா’ வரவில்லை. சுழியை எங்கே தொடங்குவது, வாலை எந்தப் பக்கம் இழுப்பது, ஒன்றும் புரியாமல் பேனா தாளைத் தொட்டபடி நின்றது. மை ஊறிப் பொட்டாகிவிட்டது. முப்பது வருடமாக எழுதிப் பிழைக்கிறவன் நான். விரல்களோ ஆங்கில ‘என்’, ‘ஜே’ விசைகளைத் தேடிக்கொண்டிருந்தன. ஞாபகம் என்ற சொல்லிலா இது நடக்க வேண்டும்!

சீனர்களிடம் இதற்கென்றே ஒரு வழக்கு உண்டு: பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகும். பின்யின் முறையில் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், சீன எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும், ஒன்றைத் தேர்ந்தால் போதும். பார்த்தால் தெரியும், எழுதச் சொன்னால் வராது. அவர்களுக்காவது ஆயிரக்கணக்கான எழுத்துகள். நமக்கு மொத்தமே 247. அதிலும் உயிர், மெய், ஆய்தம் என 31 தெரிந்தால் மற்றதெல்லாம் கொம்பும் காலும்தான்.

அன்றிலிருந்து தினம் ஒரு பக்கம் கையால் எழுதுகிறேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ‘மலை’ என்று எழுதினேன். துதிக்கையைத் தூக்கிக்கொண்டு பழைய ‘லை’ வந்து உட்கார்ந்தது! ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாவற்றையும் 1978-இல் அரசாணை போட்டு மாற்றினார்கள். நான் எழுதப் பழகியது அதற்கு முன். தலை எப்போதோ புதியதற்கு மாறிவிட்டது, கைதான் பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கைமேல் கை வைத்து எழுதப் பழக்கிய ஒண்ணாம் வகுப்பு டீச்சரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவர் அழுத்திய அழுத்தம் அந்த ‘லை’யின் வளைவில் அப்படியே இருக்கிறது.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் 2024-இல் வெளியான நார்வே ஆய்வைக் காட்டினார். 36 மாணவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். தட்டும்போது இருந்ததைவிட, கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு பரவலாக இருந்ததாம். தட்டியது ஒற்றை விரலால் என்பதால் நான் முழுக்கத் துள்ளிக் குதிக்கவில்லை. ஆனால் அவர்கள் கையால் எழுதியதும் காகிதத்தில் இல்லை, தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால். ஆகவே இயந்திரத்தைத் திட்டாதீர்கள். அது எழுத்தை வரைய விட்டது, நாம்தான் வரையவில்லை.

இப்போது பிழைக்கு வருகிறேன். ‘என் மணம் உடைந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி படித்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் தட்டி, முதலில் வந்து நின்றதைத் தொட்டிருக்கிறீர்கள். கதை எழுதுகிறவர் நீங்கள். இரண்டு சுழியா மூன்று சுழியா என்பதைக்கூட இன்னொன்றிடம் விட்டுவிட்டு அடிமையாகிவிட்டோமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்! 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகை உங்கள் கணினியிலும் இருக்கும். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் அம்மா. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். சோம்பலில் ஆங்கில வழிக்குப் போனவன்தான் நானும். திரும்பி வர ஒரு வாரம் பிடித்தது, அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அவ்வளவுதான் செலவு.

விடுபட வழி கேட்டிருந்தீர்கள் இல்லையா? கணினிதான் வந்துவிட்டதே, கதையை முடியுங்கள். அப்புறம், அந்தக் கிழித்த தாள்கள் இன்னும் கூடையில் கிடந்தால் எடுத்து ஒட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தைவிட இரண்டாம் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் நேராகியிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.