ஜூனியரில் தங்கம், சீனியரில் தடுமாற்றம்

கே: பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி, தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் மாவ் ஷிமாடா 2023, 2024, 2025 என வரிசையாக ஜூனியர் உலக சாம்பியன். அவருக்கு 2026 மிலான் ஒலிம்பிக் கதவு ஏன் அடைபட்டது?

ப: வயதால்தான். சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17 ஆக்க சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-ல் முடிவெடுத்தது. பருவத்துக்கு முந்தைய ஜூலை 1-ல் வயது நிரம்பியிருக்க வேண்டும். ஷிமாடா பிறந்தது 2008 அக்டோபர் 30; 2025 ஜூலை 1-ல் அவருக்கு 16தான். முன்பு இன்னொரு ஜப்பானிய வீராங்கனை மாவ் அசாடாவும் 87 நாள் வித்தியாசத்தில் 2006 டூரின் ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். பெயர் ராசி போலும்!

கே: ஜூனியரில் அசத்தும் பெண்கள் சீனியரில் சறுக்குவது ஏன்?

ப: முதல் காரணம் உடல். ஒரு டிரிப்பிள் தாவலில் காற்றில் இருப்பது ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் மூன்று சுற்று முடிய வேண்டும். உயரமும் இடுப்பும் வளர்ந்தால் அதே விசைக்குச் சுழலும் வேகம் குறையும், பிளேடு சுற்று முடியும் முன்பே பனியைத் தொட்டுவிடும். கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் டிரிப்பிள் லட்ஸ் என்ற தாவலின் 5.90 அடிப்படை மதிப்பு 4.72 ஆகும், தாவலின் தரத்துக்கு நடுவர்கள் தரும் புள்ளியும் கூடவே சரியும். அவசரப்பட்டு டிரிப்பிளையே திரும்பத் திரும்ப அடித்தால் காயம்தான் மிச்சம். இரண்டு சுற்றுத் தாவலான டபிளுக்கு இறங்கி, எழும்பும் நேரத்தைப் புதிதாகப் பழகுவதே வழி.

அடுத்தது நேரம். போட்டியின் நீண்ட சுற்றான ஃப்ரீ ஸ்கேட், சீனியரில் மூன்றரை நிமிடத்திலிருந்து நான்காகிறது. கடைசி மூன்று தாவல்களுக்கு 10% கூடுதல் மதிப்பு உண்டு. கால் சோர்ந்திருப்பதும் அப்போதுதான்.