பெங்களூரிலிருந்து வருகிறவர்களைத் தெரு வேண்டாம் என்கிறது

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். விவசாயமும் மூன்று கறவை மாடுகளும்தான் பிழைப்பு. என் மகன் தினமும் மாலையில் மாவட்டத்தின் கொரோனா எண்ணிக்கையைக் கைப்பேசியில் பார்த்து உரக்கப் படிக்கிறான். அதைக் கேட்டுக் கேட்டு, சர்க்கரை நோயுள்ள என் மாமியாருக்குத் தூக்கமே போய்விட்டது. என் கணவரோ எல்லாம் கட்டிவிட்ட கணக்கு என்று சிரிக்கிறார். பெங்களூரில் ஓட்டல் வேலையில் இருக்கும் என் கொழுந்தனார், அங்கே முடக்கம் அறிவித்துவிட்டதால் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் ஊருக்கு வருவதாகச் சொன்னார். செய்தி தெருவுக்குத் தெரிந்ததும், அவர்கள் வந்தால் எங்கள் வீட்டுப் பாலைச் சொசைட்டியில் எடுக்கக் கூடாது, பொதுக்குழாய்ப் பக்கம் நாங்கள் வரக் கூடாது, ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட வேண்டும் என்றெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள்தான். வயலில் பம்புசெட் அறை ஒன்று இருக்கிறது, அதில் தங்க வைக்கலாமா? பயப்படுகிறவர்கள் சொல்வதைக் கேட்பதா, சிரிக்கிறவர் சொல்வதைக் கேட்பதா? (ஏப்ரல் 2021)
ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வரச் சொல்லுங்கள். எப்படி வர வேண்டும், வந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றித்தான் நாம் பேச வேண்டும். சொந்த ஊருக்கு, சொந்த வீட்டுக்கு வருகிற குடும்பத்தை மறிக்கத் தெருவுக்கு உரிமை கிடையாது. ஆனாலும் உங்கள் தெருக்காரர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகன் படிக்கிற அதே எண்ணைத்தான் அவர்களும் படிக்கிறார்கள். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மக்கள் நல்வாழ்வுத் துறை தினமும் வெளியிடும் அறிக்கையில் கிருஷ்ணகிரிக்கு நேராக இருக்கும் எண்ணை இன்று நடந்த ஒன்றாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அது அப்படியல்ல. கிருமி தொற்றிய ஒருவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ தெரியவே பெரும்பாலும் ஐந்து நாள் ஆகிறது; வெயில் சூடு, உடம்பு அசதி என்று சொல்லி இரண்டு மூன்று நாளைக் கஷாயத்தில் ஓட்டுகிறார்; அதற்குப் பிறகுதான் மாதிரி கொடுக்கிறார், முடிவு வர மேலும் ஒன்றிரண்டு நாள் ஆகிறது. ஆக, இன்று மாலை நீங்கள் கேட்டு நடுங்குவது ஏறக்குறைய பத்து நாளுக்கு முன்னால் தொற்றிய கதையை. அந்த ஒற்றை எண்ணுக்குள் ஓசூர்த் தொழிற்பேட்டையும் இருக்கிறது, அஞ்செட்டி மலைக் கிராமங்களும் இருக்கின்றன, உங்கள் ஊரும் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று அது சொல்வதில்லை. நேற்றைவிட இன்று பத்து கூடியதா, குறைந்ததா என்பதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒரு வாரத்துக் கூட்டுத்தொகையை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவதும், பரிசோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்று கேட்பதும்தான் பயனுள்ள கணக்கு. அந்த விகிதம் இரண்டு வாரமாவது ஐந்துக்குக் கீழே நின்றால்தான் பரவல் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சென்ற ஆண்டே சொல்லியிருக்கிறது.

சென்ற ஆண்டு நிலவரத்தை உங்கள் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஏப்ரல் 30ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை வகுத்த பட்டியலில் தமிழ்நாட்டின் 12 மாவட்டங்கள் சிவப்பு, 24 மாவட்டங்கள் ஆரஞ்சு. தொற்றே இல்லை என்ற பொருளில் பச்சை என்று இருந்தது கிருஷ்ணகிரி ஒன்றுதான். அந்தப் பெருமை மே முதல் வாரத்தைத் தாண்டவில்லை. பூஜ்யம் என்பதற்குக் கண்டுபிடிக்கப்பட்டவர் எவருமில்லை என்று மட்டுமே பொருள். அன்று பூஜ்யத்தை நம்பி அசட்டையாக இருந்ததும் இன்று பெரிய எண்ணைப் பார்த்து முள் வெட்டக் கிளம்புவதும், என் பார்வையில், ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள்: அறிக்கையில் இருக்கிற எண்ணைப் பார்க்கிறோம், பக்கத்தில் இருமுகிறவரைப் பார்ப்பதில்லை.

இதில் உங்கள் கணவருக்கும் பங்குண்டு. தேர்தல் ஏப்ரல் 6ஆம் தேதி முடிந்தது, அதற்குப் பிறகு எண் ஏறுகிறது, ஆகவே இது ஜோடித்த கணக்கு என்று அவர் சொல்லக்கூடும். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிரச்சாரக் கூட்டங்களில் முகக்கவசமில்லாமல் நெருக்கியடித்து நின்றதற்கும் இப்போதைய பரவலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது ஏனோ அவர்களுக்குத் தோன்றுவதில்லை. உள்ளபடியே அறிக்கை எண் குறைவாக இருக்கத்தான் காரணங்கள் அதிகம். பரிசோதனைக்குப் போகாதவர், போனால் தனிமைப்படுத்திய வீடு என்று வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள் என்று மருந்துக்கடை மாத்திரையோடு நிறுத்திக்கொண்டவர், இவர்கள் யாரும் அதில் இல்லை. அவரிடம் மாநிலக் கணக்கைப் பற்றி வாதாட வேண்டாம். ‘உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வயது அறுபதுக்கு மேல்’ என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அது கட்டிவிட்ட கணக்கு அல்லவே.

தெரு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான்.

ஒரு வீட்டுப் பாலை எடுக்க மாட்டோம் என்று தெரு சொல்லிவிட்டால், அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தவர் என்ன செய்வார்? வாயைத் திறக்க மாட்டார். அவரிடமும் மாடு இருக்கிறது, அவருக்கும் தண்ணீர் வேண்டும். இருமலை அடக்கிக்கொண்டு அதே சொசைட்டிக்கு வந்து நிற்பார். ஒதுக்கி வைப்பதால் நோய் ஊருக்கு வெளியே நிற்பதில்லை, ஊருக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. நெடுஞ்சாலை மாவட்டமான உங்களுக்கு இது புதிதுமல்ல. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் லாரி ஓட்டுநர் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். அதனால் எத்தனையோ பேர் பரிசோதனைக்கே போகாமல், மனைவியிடமும் சொல்லாமல் காலத்தைக் கடத்தினார்கள். சென்ற ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். அப்படித் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. உங்கள் தெரு அந்த அளவுக்குப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழாயடியை மறிக்கிற துணிச்சலுக்கும் சுடுகாட்டை மறிக்கிற துணிச்சலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

பாலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். இந்தத் தொற்று பால் வழியாகப் பரவுவதாக எந்த ஆதாரமும் இல்லை. நாம் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் இல்லை. ஆபத்து பால் ஊற்றுகிற இடத்தில்தான் இருக்கிறது. விடியற்காலையில் எந்தச் சொசைட்டி வாசலிலும் பாருங்கள்: முகக்கவசம் தாடையில் தொங்கும், தூக்குப்பாத்திரத்தோடு தோளுக்குத் தோள் இடித்து நிற்பார்கள், லாக்டோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று ஒரே நேரத்தில் நான்கு தலைகள் குனியும், தன் பாலுக்கு அளவு குறைத்துவிட்டார்கள் என்று ஒருவர் உரக்கச் சண்டை போடுவார். வேண்டாதது அந்த நெருக்கம். வரிசைக்குக் கோடு போட்டு, ஒருவர் ஊற்றிவிட்டு நகர்ந்த பிறகு அடுத்தவர் வர வேண்டும் என்று சொசைட்டிச் செயலாளரிடம் நீங்களே பேசுங்கள். வந்தவர்களோடு புழங்காத ஒருவர் பால் கறந்து ஊற்றுவார் என்று உறுதியும் கொடுங்கள். உங்கள் கணவரே அதைச் செய்யலாம், வந்தவர்கள் பக்கம் போகாமல் அவர் இருக்கும் வரை.

மாங்காய்ப் பறிப்புக்கு ஆள் ஏற்றிப் போகிற மினி லாரியில் இருபது பேர் ஒட்டிக்கொண்டு நிற்பதையும், ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் சனிக்கிழமை மாலை இறைச்சிக் கடையில் முண்டுவதையும் பற்றி உங்கள் தெருவில் யாரும் பேசவில்லை போலிருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற நான்கு பேர் என்றால் கண்ணுக்குத் தெரிகிறார்கள், பெயர் தெரிகிறது, வந்த தேதி தெரிகிறது. அப்படித் தெரிந்தவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது எளிது.

முள்ளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்ற ஆண்டு பல ஊர்களில் வேலிகாத்தான் முள்ளை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். வைரஸ் முள்ளைத் தாண்டும், 108 வண்டி தாண்டாது. இரவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தாலோ ஒருவருக்கு மூச்சு முட்டினாலோ, யார் அந்த முள்ளை அப்புறப்படுத்துவது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். வருகிறவர்கள் மேல் மருந்து தெளிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கும் இணங்காதீர்கள்; பிளீச்சிங் கலந்த தண்ணீர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், உடம்புக்குள் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது.

பம்புசெட் அறை வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டியும் ஒயரும் தொங்குகிற, பெரும்பாலும் ஜன்னலே இல்லாத அறையில், இந்தக் கத்திரி வெயில் காலத்தில், கழிப்பறை வசதியில்லாமல் இரண்டு குழந்தைகளை வைத்திருப்பது தண்டனை. பாம்பு, பூரான் பயம் வேறு. வீட்டில் பின்பக்கம் வாசல் உள்ள அறை இருந்தால் அதை அவர்களுக்கு ஒதுக்குங்கள். ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும். மாமியாரின் கட்டிலை முன்பக்கம் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். பதினான்கு நாள் சாப்பாட்டுத் தட்டு தனி, படுக்கை தனி. கழிப்பறை ஒன்றுதான் என்றால், உங்கள் வீட்டார் முடித்த பிறகு அவர்கள் போய், கழுவிவிட்டு வரட்டும். பொதுக்குழாயில் உங்கள் வீட்டிலிருந்து ஒருவரே தண்ணீர் பிடித்துப் பின்வாசலில் வைத்துவிடலாம். தெருவின் அந்தக் குறை அதோடு தீரும். குழந்தைகளைப் பிரித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், பெரியப்பா வீட்டு அண்ணனைப் பார்த்ததும் ஓடி வந்துவிடுவார்கள். விளையாட்டு வெட்டவெளியில் மட்டும், பாட்டி மடிக்குப் போவது பிறகு என்று உங்கள் ஓரகத்தியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் மனத்தாங்கல் ஆகிவிடும். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்த ஐந்தாவது நாளுக்கு மேல் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஊராட்சித் தலைவருக்கும், அக்கம்பக்கத்தார் சொல்வதற்கு முன்னால், நீங்களே தகவல் சொல்லுங்கள். நாமே போய்ச் சொன்ன வீட்டைப் பற்றி வதந்தி கிளப்புவது கடினம்.

மாமியாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போடுங்கள். ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் போடுகிறார்கள். அவரைப் போன்ற அறுபது வயது தாண்டியவர்களுக்கு மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. இருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஊசி போட்ட மறுநாள் நடிகர் விவேக்குக்கு மாரடைப்பு வந்து, ஏப்ரல் 17ஆம் தேதி அவர் மறைந்ததைச் சொல்லி மாமியார் மறுக்கக்கூடும். இந்த இரண்டு வாரமாகத் தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு இல்லாத வீடு இல்லை. இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பே காரணம், ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். மாமியாரின் பயத்தைக் கேலி செய்ய உங்கள் கணவரை அனுமதிக்காதீர்கள், பிறகு அவர் வரவே மாட்டார். ஊசி போட்ட கையோடு பாதுகாப்பு வந்துவிடாது, அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே கட்டிலை மாற்றியது மாற்றியதாகவே இருக்கட்டும். கபசுரக் குடிநீர் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

எண்ணைப் படிப்பதை நிறுத்து என்று மகனைத் திட்ட வேண்டாம், வேறு எண்ணைக் கொடுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரின் விலை இப்போது ஏறிவிட்டது. நான்கு வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் தாங்கும். யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஐந்து நிமிடம் உட்கார வைத்து, விரலில் நகப்பூச்சு இல்லாமல் பார்த்துக்கொண்டு, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து, காலையும் மாலையும் நோட்டில் எழுதுவது அவன் வேலையாகட்டும். ஒவ்வொருவரும் தொட்ட பிறகு துடைப்பதும் அவனே. 94க்குக் கீழே இறங்கினாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

உங்கள் கொழுந்தனார் அடுத்த முறை அழைக்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கடந்த பத்து நாளில் நால்வரில் யாருக்காவது காய்ச்சல், இருமல், மணம் தெரியாமை இருந்ததா, கூட வேலை செய்கிறவர்களில் யாருக்காவது தொற்று உறுதியானதா, எதில் வருகிறார்கள். முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் அங்கேயே பரிசோதித்து, முடிவைப் பார்த்த பிறகு புறப்படச் சொல்லுங்கள். இல்லை என்றால், ஆள் நிரம்பிய வண்டியைத் தவிர்த்து, வழியில் எங்கும் இறங்கிக் கூட்டத்தில் நிற்காமல், பகலிலேயே வந்து சேரட்டும்; இரவு பத்து மணிக்கு மேல் இங்கே ஊரடங்கு.