வன்னியில் புயல், வெள்ளத்துக்கு வீட்டில் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

கிளிநொச்சிப் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம், சீனி வருத்தம் உள்ள அம்மாவும் கைக்குழந்தையும் வீட்டில், மாரிக்கு முன் என்ன ஆயத்தம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரணைமடுக் குளத்துக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே காற்றை விடத் தண்ணீருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். உங்கள் வளவில் மழை விட்டிருக்கும். ஆனால் மேலே கொட்டிய மழை கனகராயன் ஆற்றால் குளத்துக்கு வந்து, வான்கதவைத் திறந்தால் கீழே வயலும் றோட்டும் ஒன்றாகிவிடும். 2018 மார்கழியில் கண்டாவளைப் பக்கச் சனம் அப்படித்தான் பள்ளிக்கூடங்களுக்குத் தஞ்சம் தேடிப் போனது. ஆகவே பொருட்களை இரண்டாகப் பிரியுங்கள்: தூக்கிக்கொண்டு போவது ஒன்று, வீட்டில் இருந்து சமாளிக்க ஒன்று.

தூக்கும் பை முதுகில் போடும் பையாக இருக்கட்டும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அம்மா. முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது சூட்கேஸ் தூக்க ஆளில்லை. இணையத்தில் உள்ள நீளமான பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். கட்டி முடித்ததும் முதுகில் போட்டு வளவை ஒரு சுற்று நடந்து பாருங்கள். பாரமாக இருந்தால் உடுப்பைக் குறையுங்கள், மருந்தைக் குறைக்க வேண்டாம்.

முதலில் பத்திரங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி, வங்கிப் புத்தகம், அம்மாவின் கிளினிக் கொப்பி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை. இடம்பெயர்ந்து திரிந்த எங்கள் சனத்துக்கு ஒரு உறுதி தொலைந்தால் எத்தனை வருடம் அலைய வேண்டும் என்று நன்றாகத் தெரியும். தடித்த பொலித்தீன் பைக்குள் வைத்து, காற்றை அமத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி இறுக்குங்கள். அதைத் தலைகீழாக இன்னொரு பைக்குள் போட்டு அதேமாதிரி. நூலால் கட்டினால் ஈரத்தில் அவிழ்க்க முடியாது.

அப்புறம் மருந்து. அம்மா இன்சுலின் போடுபவர் என்றால், பாவனையில் இருக்கும் போத்தலைப் பொதுவாக நாலு கிழமை வரை குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைக்கலாம். வெயிலும் அடுப்புச் சூடும் படக்கூடாது. கெடும் என்று பயந்து ஐஸ் கட்டியோடு சேர்த்து வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது. குளிசைகள் இரண்டு கிழமைக்காவது இருக்கட்டும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் மா) பைக்கற்றுகள், பனடோல், கட்டுத்துணி, பிள்ளைக்கு வேண்டியவை. கை வெறுமையாக இருக்க நெற்றியில் கட்டும் லைற் ஒன்று.

வீட்டுக்கு வைப்பதில் பலர் விடுவது கயிறும் வாளியும். இப்போது கிணற்றுக்கு மோட்டார் பூட்டியதால் கயிற்றையே மறந்துவிட்டோம். கரண்ட் போனால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் அள்ள வழியில்லை. வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அதற்குத்தான் மழைக்கு முன்பே மூடியுள்ள கான்களில் குடிதண்ணீர் நிரப்பி உயரத்தில் வைப்பது. ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்கவும் சமைக்கவும் நாலு லீற்றர் என்று கணக்குப் பாருங்கள். சாப்பாட்டுக்கு அவல், பனங்கட்டி, வறுத்த மா, பிஸ்கற், பால்மா போதும். அடுப்பு மூட்டாமல் சமாளிக்கலாம். காய்ந்த விறகில் கொஞ்சம், ஒரு தறப்பாள், பற்றரியில் ஓடும் றேடியோ.

றேடியோ எதற்கு என்று நினைக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கரண்டோடு தொலைபேசியும் பல இடங்களில் நின்றது. விதானையார் (கிராம அலுவலர்), அயலவர், சொந்தக்காரர் இலக்கங்களைக் கடதாசியில் எழுதிப் பையில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

வெளிக்கிடும்போது மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கள், ஆனால் ஈரத்தில் நின்றுகொண்டு அதில் கை வைக்க வேண்டாம். திரும்பி வரும்போது தடியால் தட்டிப் பார்த்து உள்ளே போங்கள், புடையன் பாம்பு அலுமாரிக்கு அடியிலும் சுருண்டு கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டாமல், வெட்டாமல், நேரே ஆஸ்பத்திரி. மாடு, ஆடு இருந்தால் தயவுசெய்து கட்டையில் கட்டியபடி விட்டுப் போகாதீர்கள். மேட்டுக்குக் கொண்டுபோக நேரமில்லை என்றால் கயிற்றையாவது அறுத்துவிடுங்கள்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், எந்தப் பாதையில் தண்ணீர் முதலில் ஏறும் என்பதை ஐப்பசிக்குள் விதானையாரிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு வையுங்கள்.