‘செக்’ என்ற சொல்லுக்குள் ஒரு ராஜா

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. அதனால் முழு இடத்தையும் ‘செக்’குக்கே கொடுத்துவிடுகிறேன்.

என் மகன் செஸ் ஆடும்போது ‘செக்’ என்கிறான். நான் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போதும் ‘செக்’ செய்வதாகத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒரே சொல்லா? (ஓர் ஆசிரியை)

ஒரே சொல்தான். அதில் உங்கள் மகன் சொல்வதுதான் மூத்தது. பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் ராஜா. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனபோது, ராஜாவைத் தாக்கும் ஆட்டக்காரர் ‘ஷா’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பார். அந்த ‘ஷா’ அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று கைமாறி ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது ‘செக்’ ஆகியிருந்தது. ‘செஸ்’ என்ற பெயரும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான். ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ராஜா இறந்துவிட்டார் என்று பலர் பொருள் சொல்வார்கள். அது அரபியை வைத்துச் சொல்வது. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. பலகையில் மற்ற எந்தக் காயையும் வெட்டலாம், ராஜாவை வெட்டுவதில்லையே.

சரி, ஆட்டத்திலிருந்து நோட்டுக்கு எப்படி வந்தது? எதிராளி ‘செக்’ என்றதும் நீங்கள் போட்டு வைத்த திட்டமெல்லாம் அப்படியே நிற்கும். முதலில் ராஜாவைக் கவனித்தாக வேண்டும். அந்த நிற்றலில் இருந்துதான் தடுத்தல், கட்டுப்படுத்தல் என்ற பொருள்கள் வந்தன. அப்புறம் சரிபார்த்தல் வந்தது. நடுவழியில் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தி, பரிசோதகர் ஏறி டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பாரே, ‘செக்கிங் ஏறியாச்சு’ என்று பின்சீட்டுவரை சேதி போகுமே, அங்கே தடுப்பதும் பார்ப்பதும் சேர்ந்தே நடக்கின்றன.

‘செக் டேம்’ என்கிறார்களே, அதில் எதைச் சோதிக்கிறார்கள்? (பாலிடெக்னிக் மாணவர்)

எதையும் சோதிப்பதில்லை. ஓடும் நீரின் வேகத்தைத் தடுக்கிறார்கள். தமிழில் ‘தடுப்பணை’ என்று பெயர் வைத்தவர் இந்தப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மனதாரப் பாராட்ட வேண்டும். ‘செக் போஸ்ட்’ சோதனைச் சாவடி ஆனதும் சரியே, அங்கே நடப்பது சோதனை.

மொழிபெயர்ப்பவர்கள் ‘அன்செக்ட்’ வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ‘ஊழல் சரிபார்க்கப்படாமல் வளர்ந்தது’ என்று எழுதினால் வாசகர் குழம்புவார். ‘தட்டிக்கேட்க ஆளில்லாமல் வளர்ந்தது’ என்றால் விஷயம் வந்துவிடும்.

வங்கிச் ‘செக்’கின் கடைசியில் கியூ, யூ, இ போடுவதா, சி, கே போடுவதா?

இந்தியாவில் கியூ, யூ, இ. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்கர்கள்தான் காசோலைக்கும் சி, கே எழுதுகிறார்கள். இதில் மூத்தது அமெரிக்க எழுத்துதான் என்பது பலருக்குத் தெரியாது.

பழைய காசோலைப் புத்தகங்களில் இடது ஓரம் ஓர் அடிக்கட்டை இருக்கும். தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு யாருக்கு, எவ்வளவு என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். ‘செக்’ என்று முதலில் அழைக்கப்பட்டது அந்த அடிக்கட்டைதான்! பெயர் பிறகு தாளுக்கு ஒட்டிக்கொண்டது.

கியூ எழுத்து, அரசின் கருவூலத் துறையைக் குறிக்கும் ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயலில் வந்தது. அதன் கதையும் சதுரங்கப் பலகையில்தான் தொடங்குகிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசருக்கு வர வேண்டிய பணத்தைக் கணக்குப் பார்க்க, சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. மேலே கோடு போட்ட கருப்புத் துணி. கோடுகளுக்கு நடுவே வில்லைகளை நகர்த்தி நகர்த்திக் கூட்டல் கழித்தல் நடக்கும். பார்க்கச் சதுரங்கப் பலகை போல இருந்ததால் அந்தத் துறைக்கே பலகையின் பெயர் வந்தது. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப்பெயர் இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’.

கட்டம் போட்ட சட்டையை ‘செக்டு ஷர்ட்’ என்பதும் இதே வழிதானா?

ஆமாம், அதே பலகைதான்.

அலுவலக மெயிலில் ‘செக் வித்’, ‘செக் ஆன்’ குழப்புகிறது.

மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது ‘செக் வித்’. காய்ச்சலில் படுத்திருக்கும் அம்மா எப்படி இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பது ‘செக் ஆன்’. மேனேஜர் விஷயத்தில் இரண்டாவதைப் போட்டால் அவரை நீங்கள் கண்காணிப்பது போல ஆகிவிடும். அமெரிக்க நண்பர் விருந்துக்கு ‘ரெயின் செக்’ கேட்டால் கோபிக்காதீர்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்கிறார். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்க்கத் தரும் சீட்டின் பெயர் அது.

எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. பேச்சில் காசோலையையும் ‘செக்கு’ என்று உகரம் சேர்த்துச் சொல்வதால் ஒன்றுபோலக் கேட்கிறது, அவ்வளவுதான். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நம்முடைய தமிழ்ச் சொல்.