ஸ்டுட்கார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை, குலசேகரத்தில் நகைக்கடன்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாதம் 1,100 யூரோ. வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், பயணச்சீட்டு போக 350 மிஞ்சும். இங்கே வர அம்மாவின் நகையை வைத்து 2 லட்சம் வாங்கியிருக்கிறோம், வட்டி 9 சதவீதம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். கூட இருப்பவர்கள் வாராவாரம் ஊர் சுற்றுகிறார்கள். பாரிசுக்கும் கூப்பிடுகிறார்கள், 350 யூரோ ஆகுமாம். நான் இரவு 8 மணி வரை ஆபீசில் இருந்துவிட்டு அறைக்குத் திரும்புகிறேன். நகை அடகில் இருக்கும்போது ஊர் சுற்றுவது தப்பா?

பதில்: தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

மாதம் 100 யூரோவை உங்களுக்கென்று வைத்துக்கொண்டால், யூரோவுக்கு 100 ரூபாய் என்ற கணக்கில் ஆறு மாதத்தில் 60,000 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அந்தப் பத்தாயிரத்தை மாதாமாதம் கடனில் கட்டியிருந்தாலும் இந்த ஆறு மாதத்தில் வட்டியில் மிச்சமாவது சுமார் 1,125 ரூபாய். வட்டிக்குப் பயந்து அறைக்குள்ளேயே கிடக்க வேண்டிய நிலைமை உங்களுக்கு இல்லை.

350-ஐ இப்படிப் பிரியுங்கள். சம்பளம் வந்த அன்றே 200 ஊருக்கு. 50 அவசரத்துக்கு, அதைத் தொடவே கூடாது. 100 உங்களுக்கு. ஆறு மாதத்தில் வீட்டுக்கு 1.2 லட்சம் போயிருக்கும். வட்டி போக அசலிலும் பாதிக்கு மேல் அடைந்துவிடும்.

பாரிஸ் போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். அந்த 100-இல் மாதம் 70 எடுத்து வைத்தால் ஐந்தாவது மாதம் 350 சேர்ந்துவிடும். ஜெர்மனியின் நீண்டகால விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் பிரான்சுக்குத் தனி விசா தேவையில்லை. மீதி 30 போதுமா என்று கேட்பீர்கள். உங்கள் பயணச்சீட்டு ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்கிற மாதச் சீட்டுதானே? 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரி முதல் 63. வேலைக்குப் போக வாங்கிய அதே சீட்டில் நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் போகலாம், தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் ஏற முடியாது. டூபிங்கன், உல்ம், கான்ஸ்டன்ஸ் ஏரி எல்லாம் கூடுதல் டிக்கெட் இல்லாமலே போய்வரும் தூரம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் முட்டையும் வாங்கி வையுங்கள், இல்லையென்றால் ஹோட்டல் சாப்பாட்டிலேயே அந்த 30 கரைந்துவிடும்.

நம் ஊர் கிரெடிட் கார்டை அங்கே தேய்க்காதீர்கள். பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் எப்போதும் யூரோதான்.

எனக்குக் கவலை அந்த இரவு 8 மணிதான். அப்பா ஒரு மரத்தைத் தினமும் வெட்டுவாரா என்று யோசித்துப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார். அன்றாடம் வெட்டினால் சிரட்டை நிறைகிற மாதிரி இருக்கும், அப்புறம் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும். ஜெர்மனியில் சட்டப்படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம். 10 வரை நீட்டினாலும் பிறகு ஈடுகட்ட வேண்டும். கூடுதலாக உட்காருவதற்கு உங்களுக்குப் பணமும் வருவதில்லை. ஒப்பந்தத்தில் விடுப்பு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி கட்டாயமாக்காத இன்டர்ன்ஷிப் என்றால், வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆறு மாதத்தில் குறைந்தது 10 நாள் விடுப்பு உங்கள் உரிமை. அதை எடுக்காமல் விடுவது சம்பளத்தில் ஒரு பங்கை வேண்டாம் என்று சொல்வது போல.

நாகர்கோவிலில் பல வருஷமாக வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீட்டுக் கணக்கைப் பார்க்கிறேன். துபாயில் 11 வருஷம் இருந்துவிட்டு வந்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “கேம்பும் சைட்டும் தவிர நான் அங்கே ஒண்ணும் பாக்கல சார்.” வீடு கட்டியிருந்தார், கடனும் இல்லை. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

அம்மாவிடம் இந்தக் கணக்கை வீடியோ காலில் சொல்லிவிடுங்கள், நீங்கள் எடுத்து வைக்கும் 100 உட்பட. நகைக்கடன் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தவணை எந்தத் தேதியில் முடிகிறது, இடையில் அசலைக் கட்ட விடுவார்களா, இந்த இரண்டையும் முதல் 200-ஐ அனுப்பும் முன்பே அப்பா நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும்.