மூன்று பேரை வைத்து 24 மணி நேர பாமசி நடத்தலாமா?

கேள்வி: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கிட்ட 24 மணி நேர பாமசி வைத்திருக்கிறேன். மூன்று மருந்தாளர்கள் 12 மணி நேர ஷிப்டில் மாறி மாறி நிற்கிறார்கள். சம்பளம் ஆளுக்கு 60,000 ரூபாய், மேலதிக நேரமும் அதற்குள் அடக்கம் என்று பேசித்தான் எடுத்தேன். ஒருவர் இப்போது தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். வாரத்துக்கு 168 மணி, மூன்றால் பிரித்தால் 56. 45 போக 11 மணிதானே கூடுதல்? மேலதிகமாக 12 மணி வரை வேலை வாங்கலாம் அல்லவா?

பதில்: நீங்கள் வாரத்தை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளையும் எண்ணுகிறது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45. ஆகவே 12 மணி ஷிப்ட் ஒவ்வொன்றிலும் 4 மணி மேலதிகம். வாரத்தில் 14 ஷிப்ட், ஆளுக்கு 4.67 விழும். மேலதிக நேரம் 18 மணி 40 நிமிடம். சட்டம் விடுவது 12.

சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்பவர் சோற்றுப் பார்சலைப் பிரித்து இரண்டு வாய் வைப்பதற்குள் யாரோ மருந்துச் சிட்டையை நீட்டுவார். கவுண்டரை விட்டு அவர் நகர முடியாதவரை அது வேலை நேரம்தான். உண்மையாகவே ஒரு மணி ஓய்வு கொடுத்தாலும் 14 மணி வரும், அதுவும் எல்லைக்கு மேல்.

‘அதற்குள் அடக்கம்’ என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. 60,000ஐ, மாத வேலை நேரமாகக் கொள்ளும் 240 மணியால் வகுத்தால் மணிக்கு 250, ஒன்றரை மடங்கு 375 ரூபாய். மாதம் ஏறக்குறைய 81 மணி. மூவருக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 91,000 ரூபாய் மாதாமாதம் நிலுவையாகிறது.

நான்காவது ஆளை எடுங்கள். 8 மணி ஷிப்ட் 21, நால்வருக்கு ஆளுக்கு 5.25, அதாவது 42 மணி. 45ஐத் தாண்டாது, வாரத்தில் ஒன்றரை நாள் லீவும் கிடைக்கும். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். வருடாந்த லீவு 14, அமைய லீவு 7, நால்வருக்கும் 84 நாள். ஒருவர் லீவில் போகும் வாரம் மற்ற மூவரும் ஏழு நாளும் நிற்க வேண்டி வரும். அதனால் மாதம் ஏழு ஷிப்டுக்கு ஒரு பதில் ஆள் வேண்டும், அவரும் பதிவு பெற்ற மருந்தாளராக இருக்க வேண்டும். காசாளரை நிறுத்திச் சமாளிக்கக் கூடாது. போயா தினத்தில் நிற்பவருக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். பெண் ஊழியரை இரவில் நிறுத்தச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, அட்டவணை போடுமுன் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

நான்காமவருக்கு 60,000, ஊழியர் சேமலாப நிதி 12, நம்பிக்கை நிதி 3 வீதம் சேர்த்து 69,000. பதில் ஆளுக்கு ஷிப்ட் 2,000 வீதம், நிதிகளும் சேர்த்து 16,100. மொத்தம் 85,100. சட்டத்தை மீறி நடத்துவதை விட இதுதான் மலிவு.

விசாரணைக்கு முன் ஊழியர் வரவுப் புத்தகத்தைத் திருத்தி எழுதிவிடாதீர்கள். யார் எந்த நேரத்தில் பில் போட்டார் என்பது கணினியில் இருக்கும். நிலுவையை நீங்களே கணக்கிட்டு, தவணை கேட்கும் கடிதத்துடன் போங்கள். முறைப்பாடு கொடுத்தவரை வேலையால் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அது தனி வழக்காகும்.