பழைய காருக்காக லாரி வாங்கலாமா?

கேள்வி: வயது 51. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,10,000 ரூபாய். கொரட்டூரில் சொந்த வீடு, மகள் பி.இ. இரண்டாம் வருஷம். அப்பா விட்டுப்போன 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் நான் வாங்கிய 1967 ஃபியட் 1100டி-யும் இருக்கின்றன. கண்காட்சிக்கும் மெக்கானிக்கிடமும் கொண்டுபோக வாடகை ஃப்ளாட்பெட்டுக்கு (காரை மேலே ஏற்றிச் செல்லும் தட்டை லாரி) போன வருஷம் மட்டும் 62,000 ரூபாய் ஆனது. நண்பர்களில் இரண்டு கட்சி. ‘ஐஷர் ஃப்ளாட்பெட் வாங்கு, சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விடு’ என்பது ஒன்று. ‘இசுசு வி-கிராஸ் பிக்கப் வாங்கி டிரெய்லர் மாட்டு’ என்பது இன்னொன்று. இப்போது 12 லட்சத்துக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் ஐஷர் வந்திருக்கிறது. எஃப்.டி.யில் உள்ள 6 லட்சத்தில் 3 லட்சம் எடுத்துக் கட்டினால், மீதி 9 லட்சத்தை 15 சதவீத வட்டியில் நாலு வருஷத்துக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? என் கார் லைசென்ஸ் போதுமா?

பதில்: வாங்க வேண்டாம். 62,000 ரூபாய்ச் செலவை நிறுத்த வருஷத்துக்கு நாலே முக்கால் லட்சம் செலவு செய்யப் போகிறீர்கள்.

9 லட்சத்துக்கு 15 சதவீதத்தில் 48 மாதம் என்றால் தவணை ஏறக்குறைய 25,050 ரூபாய். கடன் முடியும்போது வட்டி மட்டும் 3 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வருஷக் கணக்கில் தவணைக்கு 3 லட்சம். இன்ஷூரன்ஸுக்கு 40,000 வைத்துக்கொள்ளுங்கள். 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு 2022 கட்டணப்படி மூன்றாம் நபர் பிரீமியமே (நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) சுமார் 16,000 ரூபாய், அதைத் தாண்டி 12,000 கிலோ வரையுள்ள வண்டிக்கு 27,000. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), வரி, பர்மிட் வகையில் 25,000. டயர், ஹைட்ராலிக் ஹோஸ், பேட்டரி, சில்லறை வேலைகளுக்கு 80,000. இரவு நிறுத்த இடத்துக்கு மாதம் 3,000 வீதம் 36,000. உங்கள் தெருவில் ஐஷர் நிற்க அக்கம்பக்கத்தார் விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆக 4,81,000 ரூபாய்.

எதிர்ப்பக்கம் மிச்சமாவது 62,000-மும் அல்ல. சொந்த லாரிக்கும் டீசல் போட வேண்டும், டிரைவருக்குப் பேட்டா தர வேண்டும். பாதி மிஞ்சினால் அதிகம். மீதி நாலரை லட்சத்தை வாடகையில் எடுக்க வேண்டும். ஒரு நடைக்கு டீசல், டிரைவர் போக 2,500 நின்றால் வருஷத்துக்கு 180 நடை, அதாவது மாதம் 15. அவ்வளவு நடையைப் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் தரமாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பைபாஸில் நின்றுபோன வண்டிகளைத் தூக்கப் போக வேண்டும், போனை எடுக்க ஒருவர் வேண்டும். அது முழுநேரத் தொழில். அந்தத் தொழிலைச் செய்ய ஆசை என்றால் தனியாக எழுதுங்கள், வேறு கணக்குப் போடலாம்.

வாடகைக்கு விட வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டில் ஓட்டி விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். ‘நஷ்டம் காட்டிச் சம்பள வரியைக் குறைக்கலாம்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முடியாது, தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. சிறு சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டிக் கணக்கெழுதாமல் வரி கட்டும் எளிய வழி இருக்கிறது. ஆனால் அதில் போனால் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்க முடியாது.

லைசென்ஸ் விஷயம்: 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஐஷரில் அந்த வரம்புக்கு உள்ளேயும் வெளியேயும் மாடல்கள் உண்டு. எனவே புரோக்கர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஆர்.சி.யைப் பார்க்க வேண்டும். சாதாரண லாரியில் பிறகு ஃப்ளாட்பெட் பாடி கட்டியிருந்தால் அந்த மாற்றமும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம்.

வி-கிராஸ் யோசனை இதைவிடக் கனம். ஆன்-ரோடு விலை 25 லட்சத்தைத் தாண்டும். டிரெய்லர் சட்டப்படி தனி வண்டி, அதற்கும் பதிவு வேண்டும். அப்புறம் அதை எங்கே நிறுத்துவீர்கள்? தினசரி ஓட்ட எப்படியும் பெரிய வண்டி வேண்டும் என்பவருக்கு அந்தப் பேச்சு பொருந்தலாம், உங்களுக்கு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? மாதம் 6,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. போடுங்கள். வருஷத்துக்கு 72,000, வாடகை ஃப்ளாட்பெட்டுக்குத் தாராளம். அந்தப் பணத்தில் நல்ல ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். குரோம் பம்பரில் வின்ச் (இழுவை இயந்திரம்) கொக்கியை மாட்டி இழுப்பவரை 1,000 ரூபாய் குறைவு என்பதற்காக அழைக்காதீர்கள். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு, கொக்கி மாட்ட அங்கே இடம் பார்க்கத் தெரிந்தவர், மேலே ஏற்றிய பிறகு பாடியில் கயிறு போடாமல் நாலு சக்கரத்துக்கும் பெல்ட் போடுபவர்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது: இரண்டு கார்களுக்கும் என்ன பாலிசி? பழைய கார் வைத்திருக்கும் பலர் மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் ஃப்ளாட்பெட்டிலிருந்து கார் சரிந்தால் உங்கள் பாலிசியில் ஒரு ரூபாய் கிடைக்காது, லாரிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். முழு பாலிசியில், கார் சாலை வழியாக ஏற்றிச் செல்லப்படும்போது நேரும் சேதமும் அடங்கும். ஐந்து வயது தாண்டிய காருக்கு மதிப்பு என்பது நீங்களும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்வது. ஏஜென்ட் போடும் 50,000-க்குத் தலையாட்டாமல் போட்டோ, பில், மதிப்பீட்டாளர் சான்று கொடுத்து நியாயமான தொகையை எழுத வையுங்கள். விண்டேஜ் காராகப் பதிவானால் மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் 2021 விதிப்படி அந்தப் பதிவுள்ள காரைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஈ.சி.ஆர். போகும் பழக்கம் இருந்தால் அதில் அவசரப்படாதீர்கள்.

எஃப்.டி.யில் 1 லட்சம் வரை எடுத்து இரண்டு காருக்கும் பிரேக், ரேடியேட்டர், வயரிங்கைச் சரிபார்த்துவிடுங்கள். வண்டலூர் பக்கம் ஆலையில் உருவான ஹெரால்ட், சென்னைக்குள் நடக்கும் கண்காட்சிக்குத் தன் சக்கரத்தில் போய்வரட்டும். கோவை, பெங்களூரு என்றால் மட்டும் ஃப்ளாட்பெட். மீதி 5 லட்சத்தைத் தொடாதீர்கள், மகளுக்கு இன்னும் இரண்டு வருஷக் கட்டணம் பாக்கி. பாலிசி நகல்களை அனுப்புங்கள், புதுப்பிக்கும் முன் என்ன மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.